வீடு வாங்கும் விதத்தை மாற்றுவது வயதா, தலைமுறையா?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொந்த வீட்டு ஆசையே போய்விட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை அப்படியேதான் இருக்கிறது, கைக்கு எட்டும் வயதுதான் மாறுகிறது என்பது என் எண்ணம்.

என் அப்பா 58 வயதில், ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை மொத்தமாகக் கொடுத்து வாங்கினார். கடன் என்றாலே அவருக்குத் தூக்கம் வராது. நான் 33 வயதிலேயே வாங்கிவிட்டேன், 20 வருடக் கடனில். எனக்கு ஆசை அதிகம் என்றில்லை. அவர் காலத்தில் சுலபமாகக் கிடைக்காத கடன் எனக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். 1980-களில் முதல் வீடு வாங்குவோர் பெரும்பாலும் இருபதுகளின் கடைசியில் இருந்தார்கள். அந்நாட்டு ரியல் எஸ்டேட் முகவர்களின் தேசியச் சங்கம் 2025-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் முதல் வீடு வாங்குவோரின் இடைநிலை வயது (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் வயது) 40. இத்தனைக்கும் 1981 அக்டோபரில் அங்கே வீட்டுக்கடன் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியிருந்தது! இன்று வட்டி அதைவிட வெகு குறைவு. ஆனால் வீட்டு விலை சம்பளத்தை முந்திக்கொண்டு ஓடிவிட்டது, முன்பணம் சேர்ப்பதற்குள் வயதாகிவிடுகிறது. மறுபக்கம், 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள் பழைய வீட்டை விற்ற காசோடு வருகிறார்கள். அவர்களில் மூத்தவர்களில் பாதிப் பேர் கடனே வாங்காமல் முழுத்தொகையும் கட்டுகிறார்கள். அவர்களோடு போட்டி போட்டு 30 வயதுக்காரர் எப்படி வாங்குவது?

சரி, தாமதமாக வாங்கினால் என்ன ஆகும்? வட்டி 8 சதவீதம் என்று வையுங்கள். 30 வயதில் 30 வருடக் கடன் எடுத்தால், கடைசியில் கடன் தொகையைப் போல 2.64 மடங்கு கட்டியிருப்பீர்கள். 45 வயதில், ஓய்வுக்குள் முடிய வேண்டும் என்று 15 வருடம் எடுத்தால் 1.72 மடங்குதான். ஆனால் மாதத் தவணை 30 சதவீதம் கூடும், அதுவும் பிள்ளைகளின் படிப்புச் செலவு உச்சத்தில் இருக்கும் வருடங்களில். சீக்கிரம் வாங்குவதுதான் எப்போதும் லாபம் என்று அடித்துச் சொல்பவர்கள் இந்த 2.64-ஐப் பற்றி வாய் திறப்பதில்லை.

வீட்டில் எதைப் பார்க்கிறோம் என்பது மட்டும் முழுக்க வயதின் வேலை. அப்பா வீடு பார்க்கப் போன இடமெல்லாம் வாசலில் நின்று படிகளை எண்ணுவார். கூடப் போன நான் சிரிப்பேன். எனக்கு மாடி அறையும் நல்ல வெளிச்சமும் போதும். அப்புறம் எனக்கும் 49 ஆனது. போன மாதம் வேறு வீடு பார்க்கப் போனபோது, உள்ளே நுழையும் முன்பே ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு படிகள். திரும்பி வந்துவிட்டேன்.