இன்சலன்ட், இன்சபார்டினேஷன்: தேர்விலும் வேலையிலும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது 'இன்சலன்ட்' (insolent) என்ற சொல்லுக்கு நேராக 'மரியாதை இல்லாத' என்று எழுதி வைத்திருப்பீர்கள். தப்பில்லை, ஆனால் 'ரூட்' (rude) என்பதற்கும் அதையேதான் எழுதியிருப்பீர்கள். இரண்டும் விடைகளில் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

'ரூட்' யாருக்கும் பொருந்தும். 'இன்சலன்ட்' பெரும்பாலும் கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் காட்டும் திமிர்: ஆசிரியரை எதிர்த்துத் துடுக்காகப் பேசும் மாணவன், மேலாளரைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்கும் ஊழியர். மேலாளர் ஊழியரிடம் எரிந்து விழுந்தால் 'ரூட்' என்பார்களே தவிர, இந்தச் சொல் அங்கே சரியாக ஒட்டாது. உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் அசையில். பெயர்ச்சொல் 'இன்சலன்ஸ்'.

தேர்வு வைப்பவர்களுக்குப் பிடித்த பொறி வேறு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறினால் 'இன்டலன்ட்' (indolent), அதாவது சோம்பேறி. ஓர் எழுத்து கூடினால் 'இன்சால்வென்ட்' (insolvent), கடனைத் தீர்க்க வழியில்லாதவர். அவசரத்தில் கண் ஏமாறும். எதிர்ச்சொல் கேட்டால் 'ரெஸ்பெக்ட்ஃபுல்' (respectful, மரியாதையான) அல்லது 'டெஃபரென்ஷியல்' (deferential, பணிவான) இருக்கிறதா பாருங்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது 'இன்சபார்டினேஷன்'. இதைப் பலரும் 'மரியாதைக் குறைவு' என்றே படித்துவிடுகிறார்கள். இன்சலன்ஸ் என்பது பேச்சிலும் தோரணையிலும் இருப்பது. இன்சபார்டினேஷன் என்பது மேலதிகாரி கொடுத்த நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மறுப்பது. பணிவாகப் பேசிக்கொண்டே மறுத்தாலும் இரண்டாவது குற்றச்சாட்டு நிற்கும். கத்திவிட்டு வேலையை முடித்துக் கொடுத்தால் பெரும்பாலும் முதலாவதுதான் நிற்கும்.

அதனால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், "நான் யாரையும் அவமதிக்கவில்லை, மன்னிக்கவும்" என்று உடனே எழுதி அனுப்பாதீர்கள். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. என்ன உத்தரவு, யார், எந்தத் தேதியில், வாய்மொழியாகவா மின்னஞ்சலிலா என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, மறுத்தீர்களா, தாமதமானதா, சந்தேகம் மட்டும் கேட்டீர்களா என்று தெளிவாக எழுதுங்கள். சந்தேகம் கேட்பது மறுப்பு ஆகாது. கேட்டதற்கு மின்னஞ்சல் இருந்தால் இணையுங்கள். குறிப்பிட்ட கெடுவுக்குள் பதில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

நீங்களே ஒருவர் மீது புகார் எழுதினாலும் 'இன்சலன்ட்' என்று முத்திரை குத்தாமல், அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே மேற்கோளில் போடுங்கள்.