பாதியில் நிறுத்தியது தப்பா?

கேள்வி: குன்னூரில் நான்கு பேர் வேலை பார்க்கும் மசாஜ் நிலையத்தில் இருக்கிறேன். முதுகுவலிக்கு ஒரு மணி நேர மசாஜ் கேட்டு வந்த ஒரு வாடிக்கையாளர் தொடக்கூடாத இடத்தைத் தொடச் சொன்னார். பாதியில் நிறுத்தியதற்கு முதலாளி திட்டுகிறார். நான் செய்தது தப்பா?

பதில்: தப்பே இல்லை சகோதரி. அவர் காசு கொடுத்தது முதுகுவலிக்கான ஒரு மணி நேர வேலைக்கு, உங்களுக்கு அல்ல. இனி தொடங்கும் முன்பே எங்கெங்கே கை வைப்பீர்கள், எது துண்டால் மூடியே இருக்கும் என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். அவர் நடுவில் போதும் என்றாலும் நிறுத்தியாக வேண்டும், அந்த உரிமை இரண்டு பேருக்கும் உண்டு. அப்புறம், 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வாடிக்கையாளர் தரும் தொல்லைக்கும் பொருந்தும். 10 பேருக்குக் குறைவான இடம் என்பதால், இந்தப் புகார்களை விசாரிக்கும் நீலகிரி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். பயமாக இருந்தால் முதலில் மகளிர் உதவி எண் 181-க்குப் பேசுங்கள்.