புட்டிப்பால் சிங்கங்கள்

கேள்வி: கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாத விடுமுறையில் தென் ஆப்பிரிக்காவில் நான்கு வாரம் 'வனவிலங்குப் பாதுகாப்புப் பணி' என்று ஒரு ஏஜென்சி கூப்பிடுகிறது. தாயில்லாத சிங்கக்குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்க வேண்டுமாம். செலவு இரண்டரை லட்சம். நகையை அடகு வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. போகலாமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இதற்குப் போக வேண்டாம் அம்மா. வருஷம் முழுக்கத் தாயில்லாத குட்டிகள் எங்கிருந்து கிடைக்கின்றன என்று அந்த ஏஜென்சியைக் கேட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட பண்ணைகளில் பெரும்பாலும் தாய் உயிரோடுதான் இருக்கும். பிறந்த சில நாட்களிலேயே குட்டியைப் பிரித்துவிட்டால் அது சீக்கிரமே மறுபடி சினையாகும். அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கவும் காசு கட்டி ஆள் வரும். மனிதக் கைக்குப் பழகிய சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. வளர்ந்ததும் வேலிக்குள் வைத்துச் சுடுகிற வேட்டைக்காரர்களுக்குப் போகும், இல்லாவிட்டால் எலும்பாக விற்கப்படும். 2017-இல் மட்டும் 800 சிங்க எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அந்நாட்டு அரசு அனுமதித்தது. 2021-இல் அதே அரசு இந்தத் தொழிலுக்கு முடிவு கட்டப்போவதாக அறிவித்தது. பண்ணைகள் இன்னும் மூடியபாடில்லை.

நாட்டையும் மாதத்தையும் குறை சொல்ல மாட்டேன். அங்கே மே, ஜூன் குளிர்காலம்; வடகிழக்குக் காடுகளில் மழை நின்று புல் காய்ந்துவிடும், விலங்குகள் நீர்நிலை தேடி வரும், கொசுவும் குறைவு. ஆனால் உண்மையான களப்பணியில் சிங்கத்தைத் தொடவே விடமாட்டார்கள். ரேடியோ பட்டை கட்டிய ஆப்பிரிக்கக் காட்டுநாயை ஆன்டெனா பிடித்துத் தேடுவது, மீசை முளைக்கும் இடத்துப் புள்ளிகளை வைத்து எந்தச் சிங்கம் என்று கண்டுபிடிப்பது, கேமராவில் விழுந்த ஆயிரக்கணக்கான படங்களைப் பிரிப்பது, கம்பிக் கண்ணிகளை அகற்றுவது, உண்ணிச்செடி வெட்டுவது (ஆமாம், முதுமலையில் மண்டிக் கிடக்கும் அதே செடிதான்) என்று நாள் போகும். பாதி நாள் சலிப்பாகத்தான் இருக்கும்.

இது உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க இரண்டரை லட்சம் தேவையில்லை. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவு முழுக்க நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருகிறார்கள். ஜனவரியில் சீசன் தொடங்கும். சில இரவுகள் நடந்து பாருங்கள்.

அதன் பிறகும் ஆப்பிரிக்கா ஆசை விடவில்லையா? சரி, விலங்குகளைத் தொட விடாத திட்டமாகத் தேடுங்கள். நீங்கள் எடுக்கும் கணக்கை யார் பயன்படுத்துகிறார்கள், எந்த விசாவில் அழைக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், ஜூன் மாத விடியலில் திறந்த ஜீப்பில் பல் கிட்டிக்கும்.