நானோவைப் பற்றி நீங்கள் கேட்டவை

(நானோ மீட்டர் என்றால் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவில் பொருள்களைச் செய்வதுதான் நானோ தொழில்நுட்பம்.)

தன்னைத்தானே நகலெடுக்கும் நானோ ரோபோக்கள் ஒருநாள் உலகத்தையே தின்றுவிடுமாமே?

விட்டால் போதும், இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது! நானோ தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதிய அமெரிக்கப் பொறியாளர் எரிக் டிரெக்ஸ்லர் 1986இல் எழுப்பிய பயம் இது. மூலக்கூறு அளவில் பொருள் செய்ய, தானாகப் பெருகித் திரியும் இயந்திரம் தேவையே இல்லை என்று 2004இல் அவரே இன்னொருவருடன் சேர்ந்து எழுதிவிட்டார். நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஸ்மாலியோ, அணுக்களைப் பொறுக்கி அடுக்கும் அப்படியொரு இயந்திரமே சாத்தியமில்லை என்று வாதிட்டவர். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, நிஜமான ஆபத்து எங்கே?

மூச்சுக்காற்றில். கார்பன் அணுக்களால் ஆன, முடியைவிடப் பல மடங்கு மெல்லிய கார்பன் நானோ குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். உடலுக்குள் வரும் தூசியை விழுங்கி அப்புறப்படுத்தும் செல்கள் நம்மிடம் உண்டு. குழாய் நீளமாகவும் விறைப்பாகவும் இருந்தால் அவற்றால் முழுதாக விழுங்க முடியாது. பாதியில் திணறி அழற்சியைத் தூண்டிவிடும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) செய்வதும் இதைத்தான். எலிகளிடம் நடந்த சோதனை 2008இல் இதைக் காட்டியது. பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இவற்றில் ஒரு வகையை மட்டும் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. எல்லா வகையும் ஒன்றல்ல, அதையும் கவனியுங்கள்.

பிளாஸ்டிக்கை வலுவாக்க இந்தக் குழாய்களை அதில் கலப்பார்கள். அப்படி பிளாஸ்டிக்கோடு இறுகிப்போன குழாயால் கையில் வைத்திருப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கலப்பதற்காகக் குழாய்ப் பொடிப் பையைப் பிரித்துக் கொட்டுபவரும், பிறகு அந்த பிளாஸ்டிக்கை அறுத்துத் தேய்ப்பவரும்தான் முதலில் மாட்டுகிறார்கள். இந்தக் குழாய்களுக்கு அமெரிக்கப் பணியிட ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றுக்கு 1 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரிகிற தூசி வருவதற்குள் அந்த வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும்.

நானோ துகள் உள்ள சன்ஸ்கிரீன் பூசலாமா?

காயமில்லாத தோலில் பூசலாம். ஸ்பிரே வடிவம் மட்டும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?

இருக்கிறது, ஆனால் பழைய அளவுகோலோடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 1 டன்னோ அதற்கு மேலோ தயாரித்தாலோ இறக்குமதி செய்தாலோதான் அந்த வேதிப்பொருளைப் பதிவு செய்ய வேண்டும். நானோவில் சில கிலோவே பெரிய விஷயம். அதனால்தான் பிரான்ஸ் தனிப் பதிவேடு வைத்து 100 கிராமிலிருந்தே கணக்குக் கேட்கிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். எங்கே, எவ்வளவு, யாரிடம் என்று தெரியாமல் எதைக் கட்டுப்படுத்துவது?

சான்றுகள் முழுமையாகக் கிடைக்கும்வரை காத்திருப்பதா என்பதிலும் நாடுகளுக்குள் ஒற்றுமை இல்லை. உணவுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு மரபணுவைப் பாதிக்காது என்று உறுதி சொல்ல முடியவில்லை என்பதாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை போட்டது. பிரிட்டன் அந்த முடிவை ஏற்கவில்லை.

அணு அணுவாகப் பொருள் செய்யும் தொழிற்சாலை வந்தேவிட்டால்?

விபத்தைவிட, அதை வைத்து வேண்டுமென்றே ஆயுதம் செய்வதற்குத்தான் நான் அஞ்சுவேன். அணுகுண்டு செய்ய யுரேனியம் வேண்டும், பெரிய ஆலை வேண்டும். ஆய்வாளர்கள் போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறது. இங்கே மூலப்பொருளே கார்பனாக இருக்கலாம், ஆலை ஓர் அறைக்குள் அடங்கலாம். எதைப் போய்ச் சோதிப்பது? ஆராய்ச்சியையே தடுத்துவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாடு தடுத்தால் வேலை இன்னொரு நாட்டுக்குப் போகும், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. இப்போதே ஆய்வகங்கள் ஒன்றையொன்று பார்வையிட ஒப்புக்கொள்வது நல்லது. ஆயுதப் போட்டி தொடங்கிவிட்டால் யாரும் உள்ளே விடமாட்டார்கள்.