மீண்டும் ரூன்ஸ்கேப்புக்குப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராகப் பணிபுரிகிறேன், வயது 33. 2006, 2007 ஆண்டுகளில் பள்ளி விட்டதும் நானும் என் நண்பனும் தெருமுனையில் இருந்த பிரவுசிங் சென்டரில் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்து ரூன்ஸ்கேப் என்ற இணைய ஆட்டத்தை ஆடுவோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்ததும் நிறுத்தியவன், அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை. நண்பன் இப்போது டொராண்டோவில் இருக்கிறான். ஆட்டத்தில் கப்பலோட்டும் திறன் புதிதாக வந்திருக்கிறது என்றும், ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்புக்கு வந்து சேரும்படியும் சில மாதங்களாக அழைத்துக்கொண்டே இருக்கிறான். எனக்கு இரண்டு வயதில் ஒரு மகள். இரவு பத்து மணிக்கு அவள் உறங்கிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் எனக்கென்று உள்ள நேரம். என் பழைய பாத்திரம் இன்னும் இருக்குமா? இவ்வளவு பழைய ஆட்டத்துக்கு இந்த வயதில் திரும்புவது சரியாக இருக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக்கிவிடுகிறேன், உங்கள் முடிவில் பாதி அதைப் பொறுத்தது. உங்கள் நண்பர் அழைக்கும் ஆட்டமும், உங்கள் பழைய பாத்திரம் இருக்கும் ஆட்டமும் ஒன்றல்ல.

2001 ஜனவரியில் இங்கிலாந்தைச் சேர்ந்த கோவர் சகோதரர்கள் தொடங்கிய ரூன்ஸ்கேப், 2004-இல் இரண்டாம் வடிவம் எடுத்தது. நீங்கள் பிரவுசிங் சென்டரில் ஆடியது அதைத்தான். அந்த வடிவம் மாற்றத்துக்கு மேல் மாற்றம் கண்டு 2013 ஜூலையில் ரூன்ஸ்கேப் 3 ஆனது. இதற்கிடையே 2012 நவம்பரில் சண்டை முறையை அடியோடு மாற்றியதும் பழைய ஆட்டக்காரர்கள் பலர் மனம் வெறுத்து வெளியேறினார்கள். அதன் பிறகு ஆட்டத்தை நடத்தும் ஜேகெக்ஸ் நிறுவனம், 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த ஆட்டத்தின் ஒரு நகலை மீட்டெடுத்து, ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பும் நடத்தி, 2013 பிப்ரவரி 22 அன்று ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற பெயரில் அதைத் தனியே திறந்தது. அந்த நகலிலிருந்து நிலமும் நகரங்களும் வந்தனவே தவிர, அங்கே உழைத்துச் சேர்த்தவர்களின் பாத்திரங்கள் வரவில்லை. பத்தாண்டு ஆடியவரும் முதல் நாள் வந்தவரும் ஒன்றாகவே மூன்றாம் நிலையிலிருந்து தொடங்கினார்கள். எனவே உங்கள் பழைய பாத்திரம், கணக்கு கைவசம் இருந்தால், ரூன்ஸ்கேப் 3-இல் இருக்கும். ஓல்டு ஸ்கூலில் நீங்கள் புதியவர்தான்.

இது தெரியாமல் 2019-இல் நான் திரும்பிப் போனேன். பழைய கணக்கைத் திறந்ததும் ஆட்டத்திலுள்ள ஃபாலடார் நகர வங்கியின் வாசலில் என் பாத்திரம் நின்றது. வங்கிப் பெட்டியில் நான் என்றோ பிடித்துச் சமைத்து வைத்த சிங்கி இறால்கள் முந்நூற்றுச் சொச்சம், ஒன்று குறையாமல் அப்படியே கிடந்தன. நண்பர் பட்டியலில் நாற்பத்தொரு பெயர்கள். ஒரு பெயர்கூடப் பச்சையாக எரியவில்லை. லம்பிரிட்ஜ் கோட்டைக்குப் போய்ப் பார்த்தேன். 2013-இல் கதைப்படி நடந்த பெரும் போரின் மிச்சமாக அதன் மேற்கே ஒரு மாபெரும் பள்ளம் இருந்தது. சண்டையிட முயன்றால் திரையின் அடியில் வரிசையாகப் பொத்தான்கள். பழைய முறைக்கு மாற்றிக்கொள்ளும் வசதி 2014-இலேயே வந்துவிட்டது என்றாலும், அன்று அதைத் தேடிப் போகும் மனநிலை எனக்கில்லை. இருபது நிமிடம் இருந்தேன். பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்தது போலிருந்தது. ரூன்ஸ்கேப் 3-ஐ விரும்பி ஆடுகிறவர்களின் ஆட்டத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அங்கே நான் தேடிப் போனது அங்கே இல்லை, அவ்வளவுதான்.

சில வாரங்கள் கழித்து ஓல்டு ஸ்கூலில் புதிய பாத்திரத்தோடு தொடங்கினேன். அங்கே எனக்குப் பிடித்துப்போன ஒரு பொழுதைச் சொல்கிறேன், உங்களுக்கும் நினைவிருக்கும். சிங்கி இறால் பிடிக்க மீன்பிடித் திறன் 40-ஐ எட்டியதும் போர்ட் சாரிம் துறையில் 30 காசு கொடுத்துக் கப்பலேறிக் கரம்ஜாத் தீவுக்குப் போனேன். திரும்பி வர இன்னொரு 30 காசு வேண்டும் என்பதை மறந்து, இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டேன். தீவில் வாழைத்தோட்டக்காரர் ஒருவர் உண்டு. அவருடைய பெட்டியில் பத்து வாழைப்பழங்களை நிரப்பித் தந்தால் சரியாக 30 காசு தருவார். பை நிறைய இறாலை வைத்துக்கொண்டு, கப்பல் கூலிக்காக மரம் மரமாகப் பழம் பறித்தேன். பதினைந்து வயதில் இதே தவற்றைச் செய்து இதே பழங்களைப் பறித்த கை, இம்முறையும் வழியைத் தானாகக் கண்டுகொண்டது. அன்றிரவு எனக்கு உண்டான மகிழ்ச்சிக்குப் பழைய நினைவு மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. சிறிய வேலைகளைப் பொறுமையாகச் செய்யவிடும் அந்த உலகம் நடுவயதுக்காரனுக்கும் உகந்ததாகவே இருக்கிறது.

ஆகவே, ஆட்டம் பழையது என்பதற்காகத் தயங்க வேண்டாம். அது இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதுவும் ஆடுபவர்களின் ஒப்புதலோடு. பெரிய மாற்றங்கள் பொதுவாக வாக்கெடுப்புக்கு வரும். முதலில் 75 சதவீத ஆதரவு வேண்டும் என்றிருந்தது, பிறகு 70 சதவீதம் போதும் என்று தளர்த்தினார்கள். உங்கள் நண்பர் சொல்லும் கப்பலோட்டும் திறன்கூட 2015-இல் வாக்கெடுப்பில் தோற்று, பல ஆண்டுகள் கழித்து மறுபடி முன்வைக்கப்பட்டு, வென்று, 2025 நவம்பர் 19 அன்றுதான் வெளியானது.

தயங்க வேண்டியது நேரத்தைக் குறித்துத்தான். இந்த ஆட்டம் நேரத்தை உண்டு வாழ்வது. ஒரு திறனில் 99-ஆம் நிலையை எட்ட 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92-ஆம் நிலைக்கு வந்தால்தான் அதில் பாதி முடிந்திருக்கும். யூ மரத்தின் ஒரு கட்டைக்கு 175 புள்ளிகள் எனக் கொண்டால், மரம் வெட்டியே அந்த உச்சத்தைத் தொட ஏறத்தாழ 74,500 கட்டைகள் வெட்ட வேண்டும். பள்ளிப் பருவத்தில் இந்தக் கணக்கை நாம் போட்டதில்லை. பிரவுசிங் சென்டர்க்காரர் நேரம் முடிந்ததென்று எழுப்பிவிடுவார், அதுவே நமக்குப் பெரிய காவலாக இருந்தது. இன்று எழுப்பிவிட ஆளில்லை. 2018 அக்டோபர் முதல் இதே ஆட்டம், இதே பாத்திரத்தோடு, கைபேசியிலும் கிடைக்கிறது. மரம் வெட்டுவதற்கும் மீன் பிடிப்பதற்கும் அதிகக் கவனம் வேண்டாம் என்பதால், அலுவலகத்தில் மேசைக்கடியில் கைபேசியை வைத்து ஆடுகிறவர்களை நான் அறிவேன். உங்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்வது இது ஒன்றுதான்: கைபேசியில் நிறுவ வேண்டாம். வீட்டுக் கணினியில் மட்டும் ஆடுங்கள். அப்போது அந்த ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகவே இருக்கும்.

இனி, உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். ஆட்டத்தில் நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள், என்ன கவசம் அணிந்திருந்தீர்கள் என்று எதுவும் எழுதவில்லை. அடுத்தடுத்த நாற்காலிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியிருப்பது அந்தப் பக்கத்து நாற்காலி என்றே தோன்றுகிறது. அப்படியென்றால் கடிகாரத்தைப் பாருங்கள். உங்களுக்கு இரவு பத்து மணி என்றால் டொராண்டோவில் கோடையில் பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் பதினொன்றரை; நண்பர் வேலையில் இருப்பார். நீங்கள் இரவுதோறும் தனியே ஆடி, அவர் தனியே ஆடி, ஒருவர் மற்றவரின் நிலை உயர்ந்ததைப் பட்டியலில் பார்த்துக்கொள்வதற்காகத் திரும்புவதானால் அது வேண்டாம் என்பேன். ஆனால் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு உங்கள் மகள் எழுவதற்கு முன் நீங்கள் அமர்ந்தால், அங்கே வெள்ளிக்கிழமை இரவு எட்டு அல்லது ஒன்பது மணி. அவரும் ஓய்வாக இருப்பார். வாரத்தில் அந்த ஒரு வேளையை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றி உங்கள் துணைவியாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு விளக்கும்படி நேர வேண்டாம்.

முதல் மாதம் பணம் எதுவும் கட்ட வேண்டாம். கப்பலோட்டும் திறன் சந்தாக்காரர்களுக்கு மட்டுமே என்றாலும், கரம்ஜாவும் வாழைத்தோட்டமும் இலவசப் பகுதியில்தான் இருக்கின்றன; சந்தா கட்டிய உங்கள் நண்பரும் இலவச உலகங்களுக்கு (சர்வர்களுக்கு) தடையின்றி வர முடியும். நான்கு சனிக்கிழமைகளில் மூன்றிலாவது இருவரும் சந்தித்திருந்தால் சந்தா கட்டிக் கடலுக்குப் போங்கள். சந்திக்க முடியவில்லை என்றால், அந்த நேரத்தில் காணொளி அழைப்பில் அவரோடு பேசுங்கள்.

இணைய வேகம் குறித்து நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இந்தியாவிலிருந்து ஆடுகிறவர்களுக்கு அந்தக் கவலை இருக்கும். இந்த ஆட்டம் 0.6 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் கடிகாரத்தில் இயங்குகிறது. துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களைப் போல நொடியின் சிறு பின்னத்தில் வெற்றி தோல்வி முடிவாவதில்லை என்பதால், கடல் கடந்த சர்வரோடு ஆடுவது சாதாரண வேலைகளுக்கு இடைஞ்சலாக இராது.

கேள்வி: இதே ஆட்டத்துக்கு நானும் திரும்ப விரும்புகிறேன். பழைய கடவுச்சொல் மறந்துவிட்டது. கணக்கை மீட்டுத் தருவதாகவும், கூடவே ஆட்டத் தங்கம் மலிவாகத் தருவதாகவும் சமூக ஊடகத்தில் ஒருவர் சொல்கிறார். முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?
– வாசகி, பினாங்கு

பதில்: நம்ப வேண்டாம், அம்மா. கணக்கை மீட்கும் வழி நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டுமே உள்ளது; அதற்குக் கட்டணம் இல்லை. நீங்கள் முன்பு பயன்படுத்திய கடவுச்சொற்கள், சந்தா கட்டிய விவரம் போன்றவற்றைக் கேட்பார்கள். பழைய நோட்டுகள், பழைய மின்னஞ்சல்கள் ஆகியவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாக விண்ணப்பியுங்கள். அந்த விவரங்களை வெளியாள் ஒருவரிடம் கொடுப்பது, வீட்டுச் சாவியையும் முகவரியையும் சேர்த்துக் கொடுப்பதற்குச் சமம்.

வெளியாரிடம் தங்கம் வாங்குவது விதிமீறல், கணக்கே முடக்கப்படலாம். இந்த வணிகம் திருட்டுக் கடன் அட்டைகளோடு பிணைந்து பெருகியதால்தான், 2008 ஜனவரி முதல் ஆட்டக்காரர்கள் தமக்குள் பொருள் பரிமாறுவதையே நிறுவனம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. நண்பருக்கு ஒரு விலையுயர்ந்த வாளைப் பரிசளிக்க முடியாத நிலை மூன்றாண்டு நீடித்தது. பிறகு 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்து, அவர்களில் 91 சதவீதத்தினர் வேண்டும் என்று சொன்ன பின்பே, 2011 பிப்ரவரி 1 அன்று தடை நீங்கியது. அவசரமாகத் தங்கம் வேண்டுமானால் நிறுவனமே விற்கும் ‘பாண்டு’ இருக்கிறது. அதை ஆட்டத்துக்குள் தங்கத்துக்கு விற்கலாம், அல்லது 14 நாள் சந்தாவாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் திரும்பிய உடனே தங்கத்தை வாங்குபவர்கள், அடுத்த வாரமே செய்ய ஒன்றுமில்லை என்று சலித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கோழி அடித்து இறகு சேர்த்தே தொடங்குங்கள்.

கேள்வி: பழைய ஆட்டத்தில் மறுபடி உழைத்துச் சேர்த்த பிறகு அதை மூடிவிட்டால் என்ன செய்வது?
– வாசகர், கொழும்பு

பதில்: நியாயமான அச்சம். ரூன்ஸ்கேப்பின் முதல் வடிவத்தை 2018 ஆகஸ்டில் மூடியே விட்டார்கள். 2004-இல் தொடங்கிய சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற இன்னொரு இணைய ஆட்டம் 2012 நவம்பர் 30 அன்று மூடப்பட்டது. அதன் ரசிகர்கள் தாங்களாகவே சர்வர் அமைத்து அதை உயிர்ப்பித்து, 2024 ஜனவரியில் உரிமையாளரிடமே முறையான அனுமதியும் பெற்றார்கள். ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் அப்படி ஆள் அமையும் என்று சொல்ல முடியாது. நிறுவனத்தின் சர்வரில் இருப்பது உங்கள் சொத்தாக ஒருபோதும் ஆகாது என்பதை ஏற்றுக்கொண்டே நுழையுங்கள். உங்களிடம் நிலைத்திருப்பவை நீங்கள் எடுத்து வைக்கும் திரைப் படங்களும், அங்கே சேர்ந்த மனிதர்களின் தொடர்பு எண்களும்தான். இரண்டையும் இன்றே ஆட்டத்துக்கு வெளியே ஓரிடத்தில் சேமித்து வையுங்கள்.