மெட்டு உங்களுடையதாக இருக்கட்டும்: வீட்டு ஸ்டுடியோவில் செயற்கை நுண்ணறிவு

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். வீட்டில் ஒரு சிறிய ஸ்டுடியோ வைத்துப் பக்திப் பாடல்களும் தனிப்பாடல்களும் செய்து வெளியிடுகிறேன். செயற்கை நுண்ணறிவை என் வேலையில் எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது? அப்படிச் செய்த பாடலின் உரிமை எனக்குத்தானா? மறைந்த பாடகர் ஒருவரின் குரலில் ஒரு பக்திப் பாடல் செய்து தரும்படி ஒருவர் கேட்கிறார். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் ஆபத்து அதிகம். அந்தப் பாடகரின் குடும்பத்தாரிடம் எழுத்துமூலமான சம்மதம் வாங்காமலும், அவர்களுக்கு உரிய தொகையைக் கொடுக்காமலும் அதைத் தொடாதீர்கள். 2024இல் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலுக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் இந்தத் தொழில்நுட்பத்தில் மீட்டெடுத்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக அவரே பொதுவெளியில் அறிவித்தார். அவ்வளவு பெரிய இசையமைப்பாளரே அப்படிச் செய்திருக்கும்போது, நாம் 'யார் கேட்கப் போகிறார்கள்' என்று இருக்க முடியாது. உயிரோடு இருக்கும் பாடகர் என்றால் நிலைமை இன்னும் கண்டிப்பானது. அதே 2024 ஜூலையில், பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் குரலையும் பாடும் பாணியையும் போலிசெய்யும் கருவிகளுக்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கேட்டவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், வழக்கு வந்தால் நோட்டீஸ் உங்கள் விலாசத்துக்கும்தான் வரும்.

மற்றவற்றுக்கு என் அளவுகோல் ஒன்றுதான். வந்த விடை சரியா தவறா என்று உங்கள் காதால் உடனே சொல்லக்கூடிய வேலையை மட்டும் இயந்திரத்திடம் கொடுங்கள். தவறினால் உங்களுக்கே தெரியாது என்ற இடத்தில் அதை நம்பி நிற்காதீர்கள். கீபோர்டு வாசிப்பவருக்கு ஸ்ருதி பிசகுவது தெரியும், ஆனால் தவில் சொற்கட்டு தப்பாக வந்திருப்பது தெரியாமல் போகலாம். அங்கே ஒரு தவில் வித்துவானைக் கூப்பிடுவதுதான் முறை.

இந்தத் தொழில்நுட்பம் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம், கலந்து கிடக்கும் ஒலியைப் பிரித்தெடுப்பது. பீட்டில்ஸ் குழுவின் 'நவ் அண்ட் தென்' பாடல் இதற்கு நல்ல உதாரணம். ஜான் லெனன் 1970களின் கடைசியில் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே ஒரு சாதாரண கேசட்டில் பாடி வைத்தது அது. 1995இல் மற்ற மூவரும் அதை முடிக்கப் பார்த்துக் கைவிட்டார்கள். பியானோவும் குரலும் ஒட்டிக்கிடந்தன, இரைச்சல் வேறு. பின்னர், 2021இல் வந்த அவர்களது ஆவணப்படத் தொடருக்காக உருவாக்கப்பட்ட கருவியைக் கொண்டு குரலைத் தனியாக உரித்தெடுத்து, 2023 நவம்பரில் பாடலை வெளியிட்டார்கள். குரல் லெனனுடையதே. இயந்திரம் அதை உண்டாக்கவில்லை, துடைத்துக் கொடுத்தது.

இதே வகைக் கருவிகள் இன்று உங்கள் கணினியிலேயே ஓடும். டீசர் நிறுவனம் 2019இல் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், மெட்டா நிறுவனத்தின் டெமுக்ஸ் இரண்டும் பலருக்குத் தெரிந்தவை. லாஜிக் புரோ, எஃப்.எல். ஸ்டுடியோ போன்ற மென்பொருள்களிலும் இந்த வசதி வந்துவிட்டது. உங்கள் குழுவின் பழைய கச்சேரிப் பதிவுகள், தாத்தா பாடிய பஜனை கேசட் எல்லாவற்றையும் இதில் போட்டுப் பாருங்கள்.

ஆனால் நம் வாத்தியங்களிடம் வரும்போது இது தடுமாறும். காரணம் எளிமையானது. இந்தக் கருவிகளைப் பழக்குவதற்கு உலகெங்கும் பயன்படும் ஒரு தொகுப்பில் 150 பாடல்கள் இருக்கின்றன, மொத்தம் சுமார் 10 மணி நேரம். பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக் வகை. அதில் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்கு அறைகள்தான். மிருதங்கத்தை எந்த அறையில் போடும்? வலப்பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு அடி டிரம்ஸ் பக்கம் போகும், இடப்பக்கமான தொப்பியின் கும்கி நாதம் பேஸ் பக்கம் போகும், ஸ்ருதியோடு நிற்கும் மீட்டு என்ற அடி 'மற்றவை'யில் கிடக்கும். ஒரே வாத்தியம் மூன்று துண்டு. பாடகரை நிழல்போல் தொடரும் வயலினும் அப்படித்தான், கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைப்பது) கூடக் கூடக் குரலோடு ஒட்டிக்கொண்டே வரும். பார்சிலோனாவின் பொம்பியு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசைக்கென்று தனித் தொகுப்புகள் உருவாக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் தொல்லை, மேடைக் கச்சேரியில் ஒரு மைக்கில் மற்ற வாத்தியங்களும் கசிந்துவிடுவதுதான். எனவே மெல்லிசைப் பாடலைப் பிரிக்கத் தயங்க வேண்டாம். கச்சேரிப் பதிவைப் பிரித்தால், கேட்டுக் கற்றுக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள், வெளியீட்டுக்கு வேண்டாம்.

இரைச்சல் நீக்கும் கருவிகளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அவற்றில் பல பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் மின்விசிறி என்றே எடுத்துக்கொள்ளும். தம்புராவும் மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதுதானே! ஸ்ருதியைத் துடைத்துவிட்டு, பாடுபவரின் நீண்ட கார்வையின் வாலையும் நறுக்கிவிடும். தம்புராவைத் தனி ட்ராக்கில் வையுங்கள். பாடகர் அதை ஹெட்போனில் கேட்டுப் பாடட்டும். குரலைச் சுத்தம் செய்து முடித்தபிறகு தம்புராவைச் சேருங்கள்.

ஓர் எச்சரிக்கை. சினிமாப் பாட்டிலிருந்து குரலை நீக்கி, அந்த இசையை உங்கள் பெயரில் பதிவேற்ற முடியாது. பிரித்ததால் உரிமை மாறுவதில்லை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும்.

அடுத்தது, முணுமுணுத்த மெட்டை ஸ்வரமாக்கும் கருவிகள். ஸ்பாட்டிஃபையின் ஆய்வுக்கூடம் 2022இல் இலவசமாகத் தந்த 'பேசிக் பிட்ச்' அவற்றில் ஒன்று. நீங்கள் பாடியதை மிடியாக, அதாவது கீபோர்டும் கணினியும் படிக்கும் ஸ்வரக் குறிப்பாக, மாற்றித் தரும். சங்கராபரணத்தில் ஒரு நேரான மெட்டு, நோட்டுஸ்வரம் மாதிரி, என்றால் நன்றாகவே எழுதும். தோடியில் பாடினால் தெரியும் கதை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடும். இயந்திரம் அதை ரி, ம, ரி, ம என்று தனித்தனிக் கட்டைகளாக எழுதித் தந்துவிடும். அதை அப்படியே கீபோர்டில் ஓடவிட்டால் அழைப்பு மணி அடித்த மாதிரி இருக்கும். மெட்டின் எலும்புக்கூட்டுக்கு மட்டும் இதை எடுத்துக்கொண்டு, கமகங்களை, கீபோர்டில் ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தில் உங்கள் கையாலேயே போடுங்கள்.

பாடல் வரிகளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். உரையாடல் செயலிகள் தமிழில் சரளமாக எழுதுகின்றன, ஆனால் தத்தகாரத்துக்கு, அதாவது மெட்டின் அளவைக் காட்டும் 'தன தான' சொற்களுக்கு, எழுதச் சொன்னால் வழுக்கும். 'தானன தானன தந்தானா' என்பது உங்கள் மெட்டு என்று வைத்துக்கொள்வோம். 'காவிரிக் கரையில் நின்றேனே' என்ற ரகத்தில் ஒரு வரி வரும். படிக்க நன்றாக இருக்கிறது. பாடிப் பாருங்கள்: இரண்டாவது 'தானன' நெடிலில் தொடங்குகிறது, 'கரையில்' குறிலில் தொடங்குகிறது. மெட்டில் உட்காரவைக்கப் பாடகர் 'காரையில்' என்று இழுத்தாக வேண்டும். காவிரிக் கரையில் நின்றவர் சுண்ணாம்புக் காரையில் நிற்பார். 'காவிரி வாசலில் நின்றேனே' என்றால் அளவு சரியாக விழுகிறது. இந்தச் சரிபார்ப்பு உங்கள் வாயில்தான் நடக்க வேண்டும், திரையில் அல்ல. நான் முழுப் பல்லவியைக் கேட்பதில்லை. 'கா'வில் மோனை வரும் சொற்கள், ஆற்றோடு தொடர்புள்ள பழைய சொற்கள், இந்தத் தலத்தின் அம்மனுக்கு வழங்கும் பெயர்கள் என்று மூலப்பொருளாகக் கேட்பேன். தலபுராணத் தகவலை மட்டும் கோயிலில் விசாரித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத புராணத்தைக்கூட இந்தச் செயலிகள் கூசாமல் சொல்லும்.

டெமோவுக்கு இயந்திரக் குரலை வைக்கலாமா என்றால், என் கருத்து வேண்டாம் என்பதே. பாடகர்கள் டெமோவில் கேட்டதையே பாடுவார்கள். இயந்திரம் ழகரத்தை வழித்திருந்தால், வல்லெழுத்தை மெலித்திருந்தால், அந்தப் பழுது அப்படியே அசல் பதிவுக்கு வந்துசேரும். உங்கள் குரல் கரகரத்தாலும் பரவாயில்லை, போனிலேயே பாடி அனுப்புங்கள். மெட்டில் எங்கே மூச்சு விட வேண்டும் என்பது அதில் இருக்கும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: ட்ராக் பாடிப் பிழைக்கும் இளம் பாடகர்களின் பிழைப்பில்தான் இந்தச் செலவுக் குறைப்பு முதலில் கைவைக்கிறது.

இனி, நான்கு வரி எழுதினால் முழுப் பாடலையே கொட்டும் சூனோ, உடியோ போன்ற சேவைகள். யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும், தங்கள் பதிவுகளை அனுமதியின்றிப் பயன்படுத்திப் பழக்கியதாக 2024 ஜூனில் இவற்றின் மீது வழக்குப் போட்டன. 2025 அக்டோபரில் யுனிவர்சலுடன் உடியோ சமரசம் செய்துகொண்டது. செய்த கையோடு, பயனர்கள் தங்கள் பாடல்களைத் தரவிறக்கும் வசதியை மூடிவிட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு சிறிது நேரம் மட்டும் திறந்துவிட்டார்கள். அதை நம்பி ஓர் ஆல்பத்தையே அங்கே வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். இலவசக் கணக்கில் செய்ததை விற்கவோ வருமானத்துக்கு வெளியிடவோ சூனோவின் நிபந்தனைகள் இடம்தருவதில்லை. பணம் கட்டிய பிறகு செய்தவற்றுக்கே அந்த அனுமதி. இடையிசைக்கு என்ன வாத்தியச் சேர்க்கை பொருந்தும் என்று நான்கு விதமாகக் கேட்டுப் பார்க்க இவை உதவும். கேட்டுவிட்டு மூடிவையுங்கள். பிடித்த சேர்க்கையை நீங்களே வாசித்துப் பதிவுசெய்யுங்கள். உங்களிடம்தான் கீபோர்டு இருக்கிறதே.

உரிமை விஷயத்துக்கு வருகிறேன். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில், கணினி உருவாக்கிய படைப்பு என்றால் அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று ஒரு விதி இருக்கிறது, பிரிவு 2(டி)(6). இதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். இன்றைய கருவிகள் வருவதற்கு வெகுமுன் எழுதப்பட்டது அது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமோ 2025 ஜனவரி அறிக்கையில், கட்டளை வரிகளைத் தட்டச்சு செய்வது மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது, மனிதர் தம் கைப்படச் செய்த பகுதிக்கே காப்புண்டு என்று கூறிவிட்டது. உங்கள் பாடல் போய்ச் சேரும் தளங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு நிறுவனங்கள். ஆகவே மெட்டும் வரியும் உங்களுடையவை என்பதற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள்: தேதியோடு போனில் பதிந்த முணுமுணுப்பு, அடித்துத் திருத்திய காகிதம், மென்பொருளின் மூலக்கோப்புகள். ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் இன்னும் உறுப்பினராகவில்லை என்றால் ஆகிவிடுங்கள், இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டி அந்த வழியாகத்தான் வரும்.

பாடலின் ஒலியளவையும் சமநிலையையும் கடைசியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங்கை இயந்திரமே செய்யும் வசதி 2014 முதலே இருக்கிறது, தைரியமாகப் பயன்படுத்தலாம். ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாடல்களைச் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (சத்தத்தின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடுவதால் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. ஆனால் ஆடி மாதம் உங்கள் பாடல் கோயில் ஒலிபெருக்கியில் ஓடப்போகிறது என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. குழாய் ஒலிபெருக்கியில் பேஸ் கேட்காது, அது கொடுத்த கீழ்ச்சுரத் தடிமன் எல்லாம் வீண். கோயிலுக்கென்று குரலை முன்னே நிறுத்தி இன்னொரு மிக்ஸ் செய்து வையுங்கள்.

பதிவேற்றும்போது படிவத்தில் செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நிஜம்போலத் தோன்றும் செயற்கைப் படைப்புகளை யூடியூபில் அறிவிக்க வேண்டும் என்ற விதி 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாத போலிக் குரல்களை நீக்குவோம் என்று ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் அறிவித்தது. பழைய கேசட்டைத் துடைத்ததையும் குரலைப் பிரித்ததையும் யாரும் குற்றமாகப் பார்க்கப்போவதில்லை. விநியோக நிறுவனம் பின்னால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல, எந்தக் கருவியை எந்த ட்ராக்கில் பயன்படுத்தினீர்கள் என்று ஒவ்வொரு பாடலின் கோப்புறையிலும் ஒரு சிறு குறிப்பு எழுதி வைத்தால் போதும்.