பட்டறைக் கேள்வி-பதில்: பேனாவுக்கு எந்த பிட்?

கேள்வி: ஐயா, மரப் பேனா கடையப் பழகுகிறேன். வீட்டில் சுவருக்கு வாங்கிய டிரில் மிஷினும் அதோடு வந்த ஒரு பெட்டி பிட்டும் இருக்கின்றன. 7 மி.மீ. துளை போட்டால் கட்டை கருகுகிறது. சில சமயம் அடிப்பக்கம் பிளந்தும்விடுகிறது. மரத்துக்கென்றே விற்கும் முள் முனை பிட் வாங்கினால் சரியாகுமா?
- அல்சூர் வாசகி

பதில்: பெட்டியைத் திறந்து பிட்டின் நுனியைப் பாருங்கள் அம்மா. நுனியில் சின்னத் தகடு பதித்து, அது தண்டைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால் சுவர் பிட். கல்லையும் சிமென்ட்டையும் நொறுக்குவதற்கானது. மரத்தில் விட்டால் வெட்டாது, தேய்க்கும். தேய்க்கிற சூட்டில்தான் கட்டை கருகும்.

முள் முனை பிட் அருமையான சாமான்தான். நடுமுள் இடம் விலகாமல் பிடித்துக்கொள்ளும். ஓரத்து விளிம்புகள் நாரை வட்டமாக அறுத்துவிடும். அலமாரிப் பலகைக்கு அதையே வாங்குங்கள். ஆனால் பேனாக் கட்டையில் நாம் துளைப்பது நார் ஓடுகிற திசையிலேயே. அங்கே அறுக்கக் குறுக்கு நார் ஏது? சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல் என்கிற கெட்டி எஃகு) முறுக்கு பிட், புதுக் கூரோடு இருந்தால் போதும். 7 மி.மீ. பிட்டின் வழக்கமான நீளம் 109 மி.மீ.; அதில் சுருள் பள்ளம் 69 மி.மீ. துளைக்குள் செருகும் மெல்லிய பேனாவின் பித்தளைக் குழாய்க்கு அது தாராளம். பள்ளம் முழுதும் மரத்துக்குள் போய்விட்டால் தூள் வெளியே வர வழியில்லை, அங்கேயே இறுகிவிடும். அரை அங்குலத்துக்கு ஒரு தரம் பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிடுங்கள்.

பெட்டியாக மட்டும் வாங்காதீர்கள். பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளில் பிட் ஒவ்வொன்றாகவே கிடைக்கும். பித்தளைக் குழாயைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பேனா கிட்டில் (குழாய், முனை எல்லாம் சேர்ந்த உதிரிப்பாகப் பொட்டலம்) பிட் அளவு 27/64 அங்குலம் என்று போட்டிருந்தால் அது 10.72 மி.மீ. கடைக்காரர் “பத்தரை வாங்கிக்கோங்க, ஒண்ணும் ஆகாது” என்பார். குழாய் நுழையாது. பதினொன்று வாங்கினால் உள்ளே ஆடும்.

பிளப்புக்கு வைத்தியம் பிட்டில் இல்லை. கட்டையைக் குழாயைவிடப் பத்து மி.மீ. நீளமாக அறுத்துக்கொள்ளுங்கள். அடி வரை துளைக்காமல் சற்று முன்னாலேயே நிறுத்திவிட்டு, மிச்சத்தை ரம்பத்தால் அறுத்தால் துளை தானே திறந்துகொள்ளும். மிஷினில் சுத்தியல் குறி இருந்தால் அது சுவரை அடித்துத் துளைக்கிற நிலை, அதை அணைத்துவிடுங்கள். கையில் பிடித்துத் துளைப்பதும் வேண்டாம்; நேராக வராது. தெரிந்த பட்டறையில் பெஞ்ச் டிரில், அதாவது மேஜைமேல் நிறுத்திய டிரில், கேளுங்கள்.

பழகுவதற்கு ஈட்டி, கருங்காலி எல்லாம் வேண்டாம். சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடையும் ஆலெ மரம், தமிழில் வெட்பாலை, கிடைக்கிறதா பாருங்கள். வெளுப்பான, நெருக்கமான நார். துளைக்கும்போது சண்டை போடாது.

கேள்வி: அக்ரிலிக் கட்டையில் துளைத்தால் உருகி பிட்டோடு ஒட்டிக்கொள்கிறது. பிட்டை மாற்றவா?
- விவேக் நகர் வாசகர்

பதில்: வேகத்தை மாற்றுங்கள். நிமிடத்துக்கு 500 சுற்று போல வைத்து, மரத்தைவிட அடிக்கடி வெளியே இழுங்கள். சுருள் சுருளாக வந்தால் பிட் வெட்டுகிறது என்று அர்த்தம். தூளாகவோ பிசினாகவோ வந்தால் கூர் போய்விட்டது, தீட்டியே ஆகவேண்டும். துளை முடிந்ததும் பிட்டை உடனே எடுத்துவிடுங்கள். உள்ளே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் இரண்டும் சேர்ந்து இறுகிக்கொள்ளும், அப்புறம் கட்டையை உடைத்துத்தான் எடுக்கவேண்டும்.

கேள்வி: தங்க நிற பிட்டுக்கு அதிக விலை கொடுக்கலாமா?
- ஜாலஹள்ளி வாசகர்

பதில்: நல்ல தயாரிப்பில் அது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, இரும்பில் துளைப்பவருக்குப் பயன்படும். மலிவுப் பெட்டியில் அது பெரும்பாலும் வெறும் நிறம்தான். கோபால்ட் பிட்டும் மரத்துக்குத் தேவையில்லை. அந்தக் காசுக்கு இரண்டு சாதா எச்.எஸ்.எஸ். வாங்கி, ஒன்றை மரத்துக்கென்றே ஒதுக்கி வையுங்கள். வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் போட வருகிற ஆளுக்கு அதை மட்டும் கொடுக்காதீர்கள்.